முகாம் மிஸ்ஸியின் கூற்று

எங்கள் ஊரில் தாதிக்கு மூன்று பெயர். நாளிதழில் அவர் தாதி. தமிழ்நாட்டு நூல்களில் செவிலியர். பினாங்குப் பொது மருத்துவமனையில் ஏதாவதொரு வார்டில் நின்று கேட்டுப் பாருங்கள்: சீனப் பாட்டி, மலாய்க்காரத் தம்பி, நம் தாத்தா மூவரும் கூப்பிடுவது 'மிஸ்ஸி'. இந்த மூன்றில் இலக்கியத்துக்குள் உரிமையோடு நுழைந்த சொல் ஒன்றுதான். அதுவும் சங்க காலத்தில். செவிலி. மிஸ்ஸி இன்னும் வாசலில் நிற்கிறாள்.

நான் தாதி. வாசிப்பவளும்கூட. ஆறு வருடமாகப் பள்ளி விடுமுறைகளில் தேவாலயங்கள் நடத்தும் சிறுவர் முகாம்களுக்கு மிஸ்ஸியாகப் போய்க்கொண்டிருக்கிறேன். தெலுக் பஹாங் பக்கம் சில, பாலிக் புலாவ் பக்கம் சில. 'கோடை முகாம்' என்று எழுத மனம் வரவில்லை. வருஷம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கிற தீவில் கோடைக்கு என்ன தனி மரியாதை? 'முகாம்' என்ற சொல்லே எங்கள் மூத்த தலைமுறைக்கு வேறு ஒன்றை நினைவூட்டும். 1942, 43இல் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டவர்கள் காலராவில் செத்த இடங்களுக்கும் முகாம் என்றுதான் பெயர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயி'லையும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்ன'த்தையும் வாசித்தவர்களுக்குத் தெரியும். அதே சொல்லை இன்று கிட்டாரோடும் டி-சட்டையோடும் சேர்த்துச் சொல்கிறோம். சரி, சொற்கள் அப்படித்தான் பிழைத்துக்கொள்கின்றன.

எனக்கு இங்கே பேச வேண்டியது, முகாமில் இருக்கிற நோயை எழுதும் இரண்டு வகை எழுத்தைப் பற்றி. ஒன்று சாட்சி. இன்னொன்று குறிப்பேடு. முதலாவது மேடையில் சொல்லப்பட்டு, பிறகு சபையின் மாத இதழில் அச்சாகும். இரண்டாவதை யாரும் வாசிப்பதில்லை. என் முதல் முகாமில் அதற்கென்று கொடுத்தது ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதேதான்.

குறிப்பேட்டில் என்ன இருக்கும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். முகாம் தொடங்குவதற்கு முன்பே பெற்றோர் நிரப்பிய பாரங்கள் வந்துவிடும். ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஜி6பிடி குறைபாடு உண்டா. கடைசிக் கேள்விக்கு நம் நாட்டு அம்மாக்கள் யோசிக்காமல் பதில் எழுதுவார்கள். இங்கே பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் அந்தச் சோதனையை வழக்கமாகவே செய்துவிடுகிறார்கள். இந்தக் குறைபாடு உள்ள பிள்ளை படுக்கும் அறையில் அந்துருண்டை இருக்கக் கூடாது. அதனால் முகாம் கட்டடத்தின் பழைய அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்ப்பது என் முதல் வேலை. அடுத்தது வினிகர். வடகரைக் கடலில் பெட்டி ஜெல்லிமீன் உண்டு. பிள்ளைகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் வினிகர் போத்தல் கரைக்கு வந்துவிட வேண்டும். காய்ச்சல் என்றால் பெனடால் மட்டும். டிங்கியாக இருந்து தொலைத்தால் என்ற பயத்தில் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் பக்கமே போக மாட்டேன். பாட்டிமார் பையில் வைத்து அனுப்பும் கோடாலித் தைலத்தை மட்டும் பறிமுதல் செய்வதில்லை. அதில் மருந்தைவிடப் பாட்டி அதிகம்.

முதல் இரவு பத்தரைக்கு மேல் வயிற்றுவலிக்காரர்கள் வருவார்கள். வரிசையாக. கைவைத்துப் பார்த்தால் வயிறு மெத்தென்றுதான் இருக்கும். 'இந்நேரம் அம்மா என்ன செஞ்சிக்கிட்டு இருப்பாங்க?' என்று கேட்டால் போதும், வலி எந்த இடம் என்று தெரிந்துவிடும். மைலோ கலக்கிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது சிகிச்சை. குறிப்பேட்டில் இதுவும் ஏறும்: மணி, பெயர், முறையிட்டது, கண்டது, கொடுத்தது.

இனி சாட்சி. கடைசி இரவு விளக்கைக் குறைத்து, கிட்டார் மெல்ல ஒலிக்க, பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. பதின்மூன்று வயதில் நூறு பேர் முன்னால் தன்னைப் பற்றி மூன்று நிமிடம் பேச வாய்ப்புக் கிடைக்கும் இடம் நம் பிள்ளைகளுக்கு வேறு எங்கே இருக்கிறது? பள்ளியில் பேச்சுப் போட்டி உண்டு, அதில் திருக்குறளைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆனால் சாட்சிக்கு ஓர் இலக்கணம் உண்டு. முன்னால் இருட்டு, பின்னால் வெளிச்சம், நடுவில் ஒரு நொடி. அந்த நொடிதான் கதை. நடுவில் நாற்பது நிமிடம் ஆனது, இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள், மறுநாளும் கொஞ்சம் வலித்தது என்பதற்கெல்லாம் அந்த இலக்கணத்தில் இடம் கிடையாது.

ஒரு முகாமில் பாட்டு நேரத்தில் ஒரு பையனுக்கு மூச்சு முட்டியது. மறுநாள் இரவு அவன் மேடையேறி, நண்பர்கள் கைவைத்து ஜெபித்தார்கள், உடனே மூச்சு வந்தது என்றான். கைதட்டல். என் குறிப்பேட்டில் இருந்தது இது: 9.40, மூச்சுத்திணறல், நெஞ்சில் விசில் சத்தம், நீல இன்ஹேலர் ஸ்பேசரோடு 4 பஃப். 9.55, முழு வாக்கியமாகப் பேசுகிறான். 10.15, மைலோ கேட்டான். இரண்டில் எது உண்மை என்று கேட்பது சுலபம். பையன் பொய் சொல்லவில்லை. திணறலின்போது பயம் மூச்சை இன்னும் இறுக்கும். இரண்டு நண்பர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது அவனுக்கு உதவியிருக்கும். அதைக் குறிப்பேட்டில் எழுதக் கட்டம் இல்லை. சாட்சியில் ஸ்பேசருக்குக் கட்டம் இல்லை. ஒரே கட்டிலைச் சுற்றி நடந்த ஒரே கால்மணி நேரத்தை இரண்டு வகைமைகள் பங்குபோட்டுக்கொண்டு போய்விட்டன. மிச்சம் இருந்தது அவனுடைய அந்தக் கால்மணி நேரம். அதை யாரும் எழுதவில்லை.

எனக்குப் பயம் கைதட்டலைப் பற்றி அல்ல. அடுத்த முகாமுக்கு அவன் இன்ஹேலர் கொண்டுவராமல் வந்தால்?

மருத்துவ ஊழியத்தைப் பற்றிய தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கதைகளில் மிகவும் பிரபலமானது திண்டிவனத்தில் நடந்தது. 1890களில் ஒரு மிஷனரி வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்துத் தட்டுகிறார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவிக்கிறார்கள். ஆண் மருத்துவரை அனுமதிக்க மாட்டார்கள். மகள் ஐடா ஸ்கடருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900இல் திரும்பி வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்குகிறார். 1909இல் தாதியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சிஎம்சி. அந்த மருத்துவமனையின் பயனைப் பற்றி எனக்கு எந்த வாக்குவாதமும் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் அங்கே படித்தவர்கள் உண்டு, அவர்கள் கட்டும் கட்டைப் பார்த்தாலே தெரியும். நான் பார்ப்பது கதையின் வடிவத்தை. மூன்று மரணங்கள் ஒரு பெண்ணின் அழைப்பாகச் சுருங்குகின்றன. மூன்று ஆண்களும் எந்தச் சமூகம் என்பதைக் கதை ஞாபகம் வைத்திருக்கிறது: ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம். இறந்த பெண்களின் பெயர் அதில் இல்லை. எத்தனை முகாம்களில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டேன். ஒரு பிள்ளைகூட அந்தப் பெண்களின் பெயர் என்ன என்று கேட்டதில்லை. கேட்கவிடாமல் ஓடுகிற வேகம் அந்தக் கதைக்கு இருக்கிறது.

இன்னும் சிக்கலான பிரதி ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் ஐக்கியத்தை உருவாக்கிய எமி கார்மைக்கேல் 1939இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் வெளியிட்டார்: 'கோகிலா: ஓர் இந்தியத் தாதி உருவான கதை'. கோகிலா சிறுமியாக அங்கே வந்து, அங்கேயே வளர்ந்து தாதியானவர். பூப்பறிக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். டோனாவூர் அமைப்பையே உறவுச் சொற்களால் கட்டியிருந்தார்கள். உள்ளூர்ப் பணிப்பெண்கள் அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி, எமி அம்மா. மருத்துவமனைக்குப் பெயர் பரம சுகசாலை. 1917இல் மேலே மலைக்காட்டில் நிலம் வாங்கி, வெயில் காலத்தில் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக அங்கே கொண்டுபோனார்கள். மரத்தடி, அருவி, பாட்டு, காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள ஓர் அக்காள். கிறிஸ்தவ விடுமுறை முகாமுக்குத் தமிழில் ஒரு முன்னோடி தேடினால் அந்தக் காட்டுக்குத்தான் நான் போவேன்.

எமி அம்மையாரை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1903இல் வந்த அவருடைய 'உள்ளது உள்ளபடி' என்ற பொருள்படும் ஆங்கிலப் புத்தகத்தின் கைப்பிரதியை, இவ்வளவு சோர்வாக இருக்கிறதே, கொஞ்சம் ஊக்கம் தருகிற மாதிரி மாற்றுங்கள் என்று இங்கிலாந்துக் குழு திருப்பி அனுப்பியது. அவர் மாற்றவில்லை. வெற்றிக் கதைகளை மட்டும் கேட்கும் கூட்டத்தை அவருக்குப் பிடிக்காது. சாட்சி என்ற வகைமையின் நோயை அறிந்தவர், அதோடு சண்டை போட்டவர். அப்படிப்பட்டவர் ஒரு தாதியைப் பற்றி எழுதும்போது என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு ஆர்வம்.

தலைப்பிலேயே இருக்கிறது விடை. உருவாக்கம். கோகிலா களிமண், குயவர் வேறு யாரோ. அவளுடைய குணம் எப்படிச் செதுக்கப்பட்டது, எங்கே பணிந்தாள், எங்கே அடம்பிடித்து விட்டுக்கொடுத்தாள் என்பதில்தான் புத்தகத்தின் மனம். தாதி வேலை அந்த உள்ளத்துக்கு உவமையாக வருகிறது. எனக்கோ தலைகீழாக வேண்டும். புண்ணைக் கழுவும்போது அவள் மூக்கைச் சுளித்தாளா? இரவு ஷிப்டில் எதைச் சாப்பிட்டாள்? எந்த நோயாளியை அவளுக்குப் பிடிக்காது? பிடிக்காத நோயாளி இல்லாத தாதி இந்த உலகத்தில் கிடையாது. 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்ட எமி அம்மையார் இறக்கும்வரை, அதாவது 1951வரை, பெரும்பாலும் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. கோகிலாவின் புத்தகமும் அந்தப் படுக்கையில் எழுதியதுதான். நோயாளி ஒருவர் தாதியைப் பற்றி எழுதிய நூல் என்று அதை வாசிக்கலாம். அப்படி வாசிக்கும்போது அது கனக்கிறது. தன்னைத் தூக்கி உட்காரவைக்கும் கைகளை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர், அந்தக் கைகளை விட்டுவிட்டு ஆன்மாவை எழுதியிருக்கிறார். இதில் ஒரு கூச்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கைக்குக் கடன்பட்டவருக்குக் கையை எழுதுவது சுலபம் இல்லை.

அப்படியானால் தாதியின் எழுத்துக்கு மாதிரியே இல்லையா? இருக்கிறது. வெளியே தேட வேண்டியதில்லை. அகப்பாடல்களில் செவிலிக்கு என்று தனிக் குரல் இருக்கிறது. தொல்காப்பியம் அவள் எப்போதெல்லாம் பேசலாம் என்று வகுத்தே வைத்திருக்கிறது. உடன்போக்கில் போய்விட்ட மகளைத் தேடிப் பாலை வழியில் அலைபவள் அவள்தான், பெற்றவள் வீட்டில் இருக்கிறாள். கலித்தொகையில் எதிரே வரும் அந்தணர்களிடம் விசாரிக்கிறாள். குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் செவிலிக்கு நடந்து நடந்து காலும், பார்த்துப் பார்த்துக் கண்ணும் ஓய்ந்துவிடுகின்றன. இவை எல்லாம் புகழ்பெற்றவை. எனக்கு முக்கியமானது குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. மணமான மகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிய செவிலி, நற்றாயிடம் சொல்கிறாள்.

அவள் சொல்வதைக் கவனியுங்கள். உன் மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று ஆரம்பிக்கவில்லை. தயிர் பிசைந்த விரல், அந்த விரலைத் துடைத்த உடை, தாளித்த புகை பட்ட கண், தானே சமைத்த குழம்பு, அதை அவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டது. கடைசியில்தான் முகம், அதுவும் மகிழ்ச்சி நுணுக்கமாகத் தெரிந்தது என்ற அளவில். வார்டில் நாங்கள் ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கிற அறிக்கை இதே வரிசையில்தான் இருக்கும்: கண்டதை முதலில், ஊகத்தைக் கடைசியில், ஊகத்தைச் சின்னதாக. மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு இது வறண்ட முறை. நற்றாய்க்கு அப்படி இல்லை. தன் கண் போகாத இடத்துக்குப் போய்வந்த ஒரு கண் கிடைத்திருக்கிறது அவளுக்கு. சாட்சி சொல்பவர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார். செவிலி ஒரே ஒருத்தியைப் பார்த்துப் பேசுகிறாள்.

நம் மலேசியப் புனைவில் மருத்துவ ஆள் என்றால் தோட்டத்து டிரெசர். சாவிக்கொத்து, பெரிய புட்டியில் கலக்கி வைத்த மருந்து, 'வேலைக்குப் போகலாம்' என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம். கிராணிக்குப் பக்கத்தில் நிற்பவர். அந்தப் பாத்திரத்தை நம் எழுத்தாளர்கள் நன்றாகவே அடித்து நொறுக்கியிருக்கிறார்கள், நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தில், அதே ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அருகே நின்றவள் காணாமல் போய்விட்டாள். அதிகாரத்தை எழுதப் பழகிய கைக்குப் பராமரிப்பு எழுத வரவில்லை. இளம் எழுத்தாளர்களின் கதைகளிலும் மருத்துவமனை வருகிறது, அங்கே யாராவது சாவதற்காக. காய்ச்சல் இறங்கி வீட்டுக்குப் போகிறவர்களை யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

செவிலி கூற்றை நான் திரும்பத் திரும்ப எடுப்பதற்கு இன்னொரு காரணம், 'அறத்தொடு நிற்றல்'. பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்கு மறந்திருக்காது. ஒரு பெண்ணின் ரகசியம் எப்படி வெளியே வரவேண்டும் என்பதற்கு ஒரு வரிசை. தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம், செவிலி நற்றாயிடம், நற்றாய் தந்தையிடமும் அண்ணன்மாரிடமும். பழைய கட்டுப்பாட்டின் பாதை என்று இதை ஒதுக்கலாம். முகாமில் வேலை செய்த பிறகு எனக்கு அப்படி ஒதுக்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் மட்டும். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவர் யார் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஊருக்குச் சொல் என்று எங்கேயும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு முகாமில், இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு பிள்ளை வந்து நின்றாள். அவளுக்கு எதுவும் இல்லை. 'மிஸ்ஸி, என் கூட்டாளிய ஒரு தடவ பாருங்களேன். கைய. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.' தோழி. பார்த்தேன். கீறல்கள், பழையவையும் புதியவையும், நீளக்கை சட்டைக்குள். தனியாக உட்காரவைத்து முதலில் கேட்டது, உன்னை யாராவது அடிக்கிறார்களா, தொடுகிறார்களா என்று. இந்த நாட்டின் 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் அந்தச் சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க விடாது. மருத்துவரும் குடும்பத்தாரும் பராமரிப்பவரும் தெரிவித்தாக வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை என்றாள். பள்ளி, மார்க்கு, ஒரு வாட்ஸாப் குழு. நான் நிறையப் பேசவில்லை. சுத்தம் செய்து கட்டுப்போட்டேன்.

பொறுப்பாளர்களில் ஒருவருக்கு மட்டும் சொன்னேன், அது முகாமின் விதி. நல்ல மனிதர் அவர், முந்தின இரவு காய்ச்சல்காரப் பையனுக்கு விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தவர். அவர் சொன்னது: 'கடைசி நாள் அவளாவே வந்து சாட்சி சொன்னா எவ்வளோ நல்லா இருக்கும், இல்லியா? மத்த புள்ளைங்களுக்கும் தைரியம் வரும்.' அந்தச் சொல்லில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. அதனால்தான் அதை இங்கே எழுதுகிறேன். வகைமை தன் பசியை நல்ல மனிதர்களின் வாய் வழியாகவே சொல்லும். இருட்டு இருக்கிறது, வெளிச்சம் வேண்டும், நடுவில் ஒரு நொடி வேண்டும், மேடை தயாராக இருக்கிறது. அவளுக்கு அந்த நொடி இன்னும் வரவில்லை. வராமலேகூட, மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் ஆறிப்போகலாம். மேடையில் ஆறிவிட்டேன் என்று சொன்ன பிள்ளைக்கு, அடுத்த மாதம் மறுபடி நடந்தால், யாரிடம் போய்ச் சொல்ல வாய் வரும்?

மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு சரி என்றார். அந்தச் 'சரி'க்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

மிச்சம் இருந்தது நற்றாய். அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டால் சொல்ல மாட்டாள். நானே சொன்னால் அது காட்டிக்கொடுத்தது மாதிரி. மூன்றாம் நாள் அவளையே கேட்டேன், அம்மா வரும்போது நான் என்ன சொல்லட்டும் என்று. நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த அறிக்கையைச் சேர்ந்து தயாரித்தோம். எதை முதலில், எதைப் பிறகு. சிலதை அவள் வெட்டினாள். ஒன்றைச் சேர்த்தாள். அழுதேன் என்று சொல்லுங்க, ஆனா நிறைய அழுதேன்னு சொல்லாதீங்க என்றாள். இலக்கிய இதழ்களில் எத்தனையோ 'எடிட்டிங்' பற்றிப் பேசுகிறோம். இவ்வளவு கவனமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அம்மா பட்டர்வொர்த்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வந்தார். வேனுக்குப் பக்கத்தில் நிழலாக ஓர் இடம். நான் சொன்னது இவ்வளவுதான்: 'காலையில ரெண்டு தோசை சாப்ட்டாங்க. ராத்திரி ரெண்டு தடவ எழுந்தாங்க, திரும்பத் தூங்கிட்டாங்க. கடல்ல இறங்கல, கரையில உக்காந்து மத்தவங்க செருப்பெல்லாம் பாத்துக்கிட்டாங்க. ஒரு நாள் அழுதாங்க. இடது கையில கட்டு போட்டிருக்கேன். அது ஏன்னு உங்ககிட்ட அவங்களே சொல்றேன்னு சொல்லியிருக்காங்க. கோபப்படாம கேளுங்க அக்கா. நான் பக்கத்துல இருக்கட்டுமான்னு கேட்டேன், இருங்கன்னாங்க.'

அம்மா மகளைப் பார்த்தார். அவள் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தாள்.